மீதிப் பாதிக்கு யார் ரத்தம் கொடுப்பது

எங்கள் பக்கத்து ஆம்பளைகள் தங்களுக்குப் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்ள ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். பொண்டாட்டிக்குச் செய்வது.

சிரிக்காதீர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்களும் ஒரு மாதம் ஊர் சுற்றினால் இதைக் கேட்பீர்கள். "எங்க வூட்டுல மாசமா இருந்தப்ப ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டாங்க சார். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." யாருக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். "எங்களுக்குத்தான்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனசார அப்படி நம்புகிறார்கள். நான் சொல்லப்போவது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான்.

நான் பத்தாவதோடு நின்றவன். லிங்க் ஒர்க்கர் என்று எனக்குப் பேர். ஊருக்குள் இருப்பவர்களைப் பேசிப் பேசிப் பரிசோதனை மையம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ரிஷிவந்தியத்தைச் சுற்றியிருக்கிற ஊர்கள் என் பொறுப்பு. நடமாடும் பரிசோதனை வண்டி மலைக்குப் போகும் நாளில் கல்வராயன் மலையும். நெற்றி நிறைய விபூதி, பை நிறைய ஆணுறை, அப்படித்தான் கிளம்புவேன். "சாமியாரே, பிரசாதம் இருக்கா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்டவன் கொஞ்ச நேரம் கழித்து ஆள் இல்லாத இடத்தில் வந்து வாங்கிக்கொண்டும் போவான். என் வீட்டுக்காரி மட்டும், "அந்தப் பையச் சாமி படத்தாண்ட மாட்டாத" என்று சொல்லி மாட்டுக்கொட்டகையில் தனியாக ஓர் ஆணி அடித்துக் கொடுத்தாள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் பை அங்கேதான் தொங்கியது. பிரதோஷத்துக்கு ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அர்த்தநாரீஸ்வரருக்கும் என் பைக்கும் சண்டை வந்ததும் இல்லை.

பரிசோதனைக்கு வழிகள் நிறைய இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கிறது, காசு கிடையாது, சொன்ன விஷயம் வெளியே போகாது. பால்வினை நோய்க்கு வைத்தியம் பார்க்கிற சுகவாழ்வு மையம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள், வண்டியில் பார்க்கிறார்கள். தெரிந்த முகம் இருக்குமென்று பயந்தால் சேலத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ போய் யாரும் அறியாமல் பார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. போகட்டும். எங்கே போனாலும் போய்ச் சேர்ந்தால் சரி. ஆள் தனக்குப் பிடித்த வழியில் போகும்போது, நம் மையத்துக்குத்தான் வரணும் என்று இழுக்காதீர்கள். ஆனால் எந்த வழியில் போனாலும் தன் உடம்பைத் தானே கொண்டுபோக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எங்கள் நம்பிக்கை மையத்தில் ஓர் ஆலோசகர் அம்மா இருந்தார். பேரைச் சொன்னால் கோவித்துக்கொள்வார், அதனால் அம்மா என்றே சொல்கிறேன். நான் இந்த வேலையில் உருப்படியாகச் செய்தது ஏதாவது இருந்தால் அவரைப் பார்த்துச் செய்ததுதான்.

ஒரு நாள் வண்டியோடு வெள்ளிமலை தாண்டி மேலே போயிருந்தோம். தலையில் துண்டு கட்டிய ஒருத்தர் வெகுநேரம் தூரத்திலேயே நின்றார். பிறகு மெல்ல வந்து, "எனக்கு அந்தச் சீக்கெல்லாம் இல்லம்மா. சூடுதான். ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "இது சூடு இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"எத்தனை நாளா சூடு?" என்று அவரிடம் கேட்டார்.

"மிளகு எடுக்கக் கேரளா போயிட்டு வந்ததுலேர்ந்து."

"அப்படிங்களா. சூட்டுக்கும் டெஸ்ட் இருக்குதுங்க. சில சூடு ரத்தத்துல தெரியும், சில சூடு சிறுநீர்ல தெரியும். ஒண்ணுல எல்லாம் தெரியாது. ரெண்டும் குடுத்துட்டுப் போங்க. வீட்டம்மாவுக்கும் சூடு இருக்குதான்னு பாத்துடலாம்."

அவர் கொடுத்தார். அடுத்த முறை வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு மலை இறங்கும்போது அம்மா என்னிடம் சொன்னார்: "அந்த மனுஷன் ஒரு வார்த்தையக் கையில பிடிச்சிட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு. அதை நாம பிடுங்கிட்டா, எதைப் பிடிச்சிட்டு உள்ள வருவாரு?"

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஏழுமலை கதைக்கு வருகிறேன்.

ஏழுமலை அவன் பேர் இல்லை. எங்கள் ஊரில் ஒரு கல்லை எறிந்தால் ஏதாவது ஓர் ஏழுமலை மேல்தான் விழும், அதனால் அந்தப் பேரையே வைத்துக்கொள்வோம். அவன் சம்சாரத்தை அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கதையைச் சொல்ல இரண்டு பேருமே சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழுமலை போர்வெல் லாரியில் வேலை செய்தான். வண்டி வடக்கே போனால் மாசக்கணக்கில் திரும்பாது. அஞ்சலைக்குத் தை மாதத்தில் ஏழாம் மாசச் சீமந்தம் வைத்தார்கள். அதற்காக லீவு போட்டு வந்திருந்தான். எனக்கும் அழைப்பு. ஷாமியானாவுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் கை கழுவப் போன என்னை வழிமறித்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு டவுட்டு. சும்மா கேக்கறேன்."

சும்மா கேக்கறேன் என்று எவன் சொன்னாலும் உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு இத்தனை வருஷத்தில் சும்மா கேட்டவன் ஒருத்தன்கூட இல்லை.

"தீபாவளிக்கு முன்னாடி வண்டியில இருந்தப்ப எனக்கு அங்க ஒரு புண்ணு வந்துச்சுண்ணே. வலி இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்துகூடப் போடல. தானா ஆறிடுச்சு. அப்ப அது ஒண்ணும் இல்லதானே?"

வலிக்கிற புண்ணுக்கு மனுஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். வலிக்காமல் வந்து தானாக ஆறுகிறதே, அதுதான் பொல்லாதது. சிபிலிஸ் அப்படித்தான் வரும். தோல்மேல் ஆறிவிட்டு ரத்தத்துக்குள் தங்கிவிடும். தங்கியது கர்ப்பிணிக்குப் போனால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

"ஒரு தடவ ரத்தம் குடுத்துப் பாத்துடு ஏழுமலை. நாளைக்கே வா."

"எனக்கு இன்னாத்துக்குண்ணே? அவளுக்குத்தான் பாத்துட்டாங்களே. எல்லாம் கரெக்டா இருக்குதுன்னுட்டாங்க."

"எப்பப் பாத்தாங்க?"

"மூணாம் மாசம். புரட்டாசியில."

"நீ எப்ப வந்த?"

"தீபாவளிக்கு வந்து பத்து நாள் இருந்துட்டுத்தானே போனேன்."

அவளுக்குப் பார்த்தது புரட்டாசி. இவன் வந்தது ஐப்பசி. அதற்கப்புறம் அவளுக்கு யாரும் பார்க்கவில்லை. இதைச் சொன்னேன். அவன் என் நெற்றியைப் பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

"நீங்களே இப்டிப் பேசலாமாண்ணே? பிரதோஷம் தவறாம போற ஆளு. உங்க சாமி இன்னா சொல்லுது? ஆம்பள பாதி, பொம்பள பாதி. ஒரே ஒடம்பு. அந்தப் பாதிக்குப் பாத்தாச்சுன்னா எல்லாத்துக்கும் பாத்தாப்பலதானே?"

கிண்டல்தான். ஆனால் கிண்டலுக்குள் ஒளிந்துகொண்டு பயம் நின்றது. எனக்குப் பதில் வரவில்லை. "அவகிட்ட இன்னா ஏதுன்னு வாயத் தொறந்துடாதீங்கண்ணே. வியாழக்கிழம வண்டி கெளம்புது. நான் போய்க்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு இலை போடப் போய்விட்டான்.

நான் பந்தியில் உட்கார்ந்தேன். எதிரே அஞ்சலை, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். என்னைப் பார்த்து, "அண்ணே, புளிசாதம் இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க. கம்மியா சாப்புடறீங்க" என்றாள். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அது அவள் உடம்பைப் பற்றியது, அவள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றியது. அதைச் சொன்னால் என்னை நம்பிச் சொன்னவனைக் காட்டிக்கொடுத்ததாகும். அதற்கப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆம்பளையும் என்னிடம் சும்மா கேட்கமாட்டான். சொல்லாவிட்டால் வண்டி வியாழக்கிழமை போய்விடும், இவள் பிள்ளை பெறும் வரை யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். வாயில் போட்ட சோறு இறங்கவில்லை.

அன்று சாயந்திரம் கோயிலுக்குப் போய் அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு நின்றேன். "உன் பேரைச் சொல்லித்தான் தப்பிக்கிறான். நீயே ஒரு வழி சொல்லு" என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் போனேன். பேரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் பேசினீங்களா?"

"இல்லம்மா."

"அதுபோதும். நீங்க அவ வீட்டுப் பக்கமே போகாதீங்க. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிங்க செக்கப்புக்கு வருவாங்கல்ல? அன்னிக்கு நான் பாத்துக்கறேன். அவரை மட்டும் கூட வரச் சொல்லுங்க."

"டெஸ்ட்டுக்குன்னா வரமாட்டான்மா."

"டெஸ்ட்டுக்குன்னு ஏன் சொல்றீங்க? பையப் பிடிச்சிக்கக் கூட வரலாமே."

அவன் சொன்ன பாதிக் கணக்கையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நல்ல வார்த்தையாத்தான் பிடிச்சிருக்காரு. தப்புன்னு சொல்லி அதைப் பிடுங்காதீங்க. அதைப் பிடிச்சிட்டே உள்ள வரட்டும்" என்றார். எப்படி வருவான் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்றைக்கே ஏழுமலையை டீக்கடையில் பிடித்து, செக்கப்புக்குப் போகும்போது பையைப் பிடித்துக்கொள்ள அவளோடு போ என்று மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றேன். உள்ளே கர்ப்பிணிகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வந்து பெஞ்சின் நடுவில் நின்று எல்லோருக்கும், வாசல் வரைக்கும், கேட்கும்படி சொன்னார்:

"ஏழாம் மாசம் ஆனவங்க எல்லாருக்கும் இன்னொரு தடவை ரத்தம் பாக்கறோம். முன்னாடி பாத்திருந்தாலும் சரிதான். வீட்டுக்காரர் வந்திருந்தா அவரும் குடுக்கணும். எல்லாரும்தான்."

இதைக் கவனியுங்கள். அந்தப் பெண் யார் என்று அவர் என்னிடம் கேட்கவும் இல்லை, அங்கே தேடவும் இல்லை. எல்லாரும் என்று சொல்லிவிட்டால் யாரையும் சுட்டாது. அந்த ஒரு பெண்ணை எட்டுவதற்காக அன்றைக்கு அத்தனை பேருக்கும் ரத்தம் எடுத்தார். அதற்கப்புறம் அதுவே அவர் வழக்கமாயிற்று. லேபில் இருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார், ஆனால் செய்தார்.

ஏழுமலை என்னவோ உள்ளேயே போகவில்லை. கட்டைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றான். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல. கொஞ்ச நேரத்தில் அஞ்சலை விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"உன்ன உள்ள கூப்புடறாங்க. எல்லா வூட்டுக்காரரும் குடுக்கணுமாம்."

"எனக்கு இன்னாத்துக்கு? நீ குடுத்துட்ட இல்ல?"

"குடுத்தேன்."

"அப்ப போதும். நீ என் ஒடம்புல பாதி. நீ குடுத்தா நான் குடுத்தாப்பலதான்."

பக்கத்தில் நின்ற இரண்டு ஆம்பளைகள் சிரித்தார்கள். அவர்களும் உள்ளே போகாதவர்கள்தான். அஞ்சலை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

"சரி, நான் உன்னுல பாதி. இது இன்னா? இதுலயும் பாதிதானே நான்? மீதி யாருது?"

"என்னுதுதான்."

"இன்னிக்கு நான் குடுத்தது என் பாதி. மீதிப் பாதிக்கு யாரு ரத்தம் குடுப்பா? பக்கத்து வூட்டுக்காரனக் கூப்புடவா?"

ஏழுமலை பையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. "எடுத்துக்கினு போ. உள்ள வெக்க எடம் இருக்குது" என்றாள். பையோடு உள்ளே போனான். அவன் பின்னால் அந்த இரண்டு பேரில் ஒருத்தனும் போனான்.

எத்தனையோ பிரதோஷம் அந்தச் சாமி முன்னால் நின்றிருக்கிறேன். எனக்கு வராத பதில் அந்தப் பெண்ணுக்கு வேப்பமரத்தடியில் வந்தது. அவளுக்குப் புண்ணைப் பற்றித் தெரியாது, லாரி போன இடத்தில் நடந்தது தெரியாது. தன் பிள்ளைக்கு அப்பன் உண்டு என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை ஏழுமலையே எனக்குச் சொன்னான். அம்மா இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இரண்டு பேருக்கும் சிபிலிஸ் இருந்தது. இன்னொரு சோதனையிலும் உறுதியானது. அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு அவன் முடிவை மட்டும் சொன்னார். "அவளுக்கும்மா?" என்று கேட்டான். "அவங்க முடிவை அவங்ககிட்டதான் சொல்வேன். இப்பச் சொல்லப் போறேன்" என்றார்.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஓடப் போகிறான் என்று அம்மா நினைத்திருப்பார். கதவருகே போய் நின்று, "மொதல்ல நான் சொல்லிடறேம்மா. எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவ யோசிச்சிக்கினு உக்காரக் கூடாது. ஆனா நீங்க கூட இருங்க. இல்லன்னா பாதியில நிறுத்திடுவேன்" என்றான்.

நான் அந்த ஏழுமலையை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருந்தாலும், அன்றைக்கு அவன் செய்தது லேசான காரியம் இல்லை. எத்தனையோ பெரிய மனுஷர்கள், "ஆஸ்பத்திரி ஊசியில வந்துடுச்சு" என்றும், "உனக்கு எப்படி வந்துச்சு சொல்லு" என்றும் பொண்டாட்டி தலையில் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இவன் புண்ணிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அஞ்சலை சீமந்த வளையலை முழங்கை வரை தள்ளுவதும் சரியவிடுவதுமாகவே இருந்தாளாம். பிறகு அவனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "புள்ளைக்கு?" என்று கேட்டாள்.

"இப்பவே ஊசி போட்டா புள்ளையக் காப்பாத்தலாம். நேரம் இருக்கு."

"அப்பப் போடுங்க. இந்த ஆளை நான் அப்பறம் பாத்துக்கறேன்."

இரண்டு பேருக்கும் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பென்சிலின் ஊசி. அது சாதாரண வலி இல்லை. அவன் டிவிஎஸ்ஸில் இருவரும் உட்கார முடியாமல் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு போனதை வாசலில் இருந்து பார்த்தேன். வியாழக்கிழமை லாரி அவன் இல்லாமல் போனது. வாராவாரம் ஊசிக்கு அவளைக் கூட்டிவந்தான். அவள் அவனோடு நேராகப் பேசவில்லை. தாய் வீடான திருநாவலூர்ப் பக்கம் போவதாக இருந்தவள் போகவும் இல்லை. அவள் மாமியாரிடம் கேட்டார்களாம் பக்கத்து வீட்டார்: "இன்னா, புருசன் பொண்டாட்டி பேசறதில்லியா?" மாமியார் சொன்னது: "சோறு போடறா. பேச்சுதான் போடல."

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கும் ரத்தம் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். திரும்பத் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள், கொண்டுவந்து காட்டினார்கள். கடைசியாகப் பார்த்ததிலும் நல்லபடியாக இருந்தது.

மொட்டை போட்ட குழந்தையோடு ஒரு பிரதோஷத்தில் கோயிலில் அவர்களைப் பார்த்தேன். தலையில் சந்தனம் பூசியிருந்தது. ஏழுமலை செருப்பு விட்ட இடத்துக்குப் போயிருந்த நேரத்தில் அஞ்சலை என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க டீக்கடையில நின்னுக்கினு இருந்தீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்ல?"

கையில் இருந்த விபூதியைக் குழந்தை நெற்றியில் பூசினேன்.

"தெரியும்னு எனக்குத் தெரியும். சீமந்தத்தன்னிக்கு நீங்க சாப்புடவே இல்ல" என்றாள். "மொதல்ல உங்க மேலகூட எனக்குக் கோவம்தான். தெரிஞ்சும் என்னாண்ட சொல்லலியேன்னு. அப்பறம் யோசிச்சேன். நீங்க வந்து சொல்லியிருந்தா இவரு சொல்லியிருக்க மாட்டாரு. அடுத்தவங்க வாயால கேட்டிருந்தா நான் இவரோட இருந்திருக்கவும் மாட்டேன்."

"இப்பப் பேசறியாம்மா அவன்கிட்ட?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏழுமலை மூன்று பேர் செருப்பையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

"இந்தா, புடி. இதுல பாதி உன்னுது, கை வலிக்குதுன்னு சொல்லாத."